எட்டம், பொட்டு, சாரல்: டோர்ச் வெளிச்சத்துக்கு மூன்று சொற்கள்

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

கைவிளக்குச் சொற்கள் பற்றிய இழையை நான்கு நாளாக வாசித்து வருகிறேன். பாடசாலையில் தவணைப் பரீட்சை நடப்பதால் உடனே எழுத முடியவில்லை. இன்றைக்குத்தான் விடைத்தாள் கட்டை ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

> ஒளி எவ்வளவு தூரம் போகும் என்பதைக் குறிக்க "வீச்சு" போதும். இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதுச்சொல் எதற்கு?

இதிலிருந்தே தொடங்குகிறேன். நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு, எறிந்த பொருள் கிடையாகப் போய் விழும் தூரம் வீச்சு. கணித பாடத்தில், தரவுகளில் மிகப் பெரியதுக்கும் மிகச் சிறியதுக்கும் உள்ள வித்தியாசமும் வீச்சு. தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தைத் திறந்தால் அலையின் வீச்சு வருகிறது. அதை நாங்கள் வீச்சம் என்கிறோம். இத்தனையும் சுமக்கிற சொல்லின் தலையில் டோர்ச்சையும் ஏற்றினால், பிள்ளை எதை எடுக்கும், எதை விடும்?

அடுத்து "எறிதூரம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். எறிந்த கல் ஓரிடத்தில் விழும், அந்த இடத்தைக் காட்டித் தூரத்தை அளக்கலாம். வெளிச்சம் எங்கேயும் விழுந்து நிற்பதில்லை. போகப் போக விரிந்து, விரிய விரிய மெலிந்துகொண்டே போகிறது. தூரம் இரண்டு மடங்கானால் அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவுகிறது, வேறு ஒன்றுமில்லை. ஆகவே நாம் பெயர் வைக்க வேண்டியது ஒளி போய் விழும் இடத்துக்கு அல்ல. அது நமக்கு உதவும்படி எதுவரை போகிறது என்பதற்குத்தான் பெயர் வேண்டும்.

போன மாதம் ஹட்டனில் ஒரு கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இரவு வாச்சராக இருக்கும் பெரியவர் ஒருவர் டோர்ச் வாங்க வந்தார். கடைப் பையன் பெட்டியைப் பிரித்து, "ஆயிரம் லூமன் ஐயா" என்றான்.

"லூமன் கெடக்கட்டும் தம்பி. ஸ்டோர் வாசல்ல நின்னு அடிச்சா, கானுக்கு அந்தப் பக்கம் நிக்கிற சவுக்கு மரம் வரைக்கும் எட்டுமா?"

கான் என்பது தண்ணீர் ஓடும் வாய்க்கால். அந்த "எட்டுமா"வைக் கேட்டதிலிருந்து வேறு சொல் எனக்குப் பிடிக்கவில்லை. பரணில் இருப்பது கைக்கு எட்டுகிறது. கோயில் மணி லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, எட்டுகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் என்று எல்லாரும் சொல்கிறோம். போவதும் போய்ச் சேர்வதும் பயன்படுவதும் அந்த ஒரே வினைக்குள் இருக்கின்றன. அதிலிருந்து பெயர்ச்சொல்: எட்டம். "இந்த டோர்ச்சின் எட்டம் 200 மீற்றர்." "எட்டம் கூடின டோர்ச்." வாயில் தடங்கலில்லாமல் வருகிறது.

பொருளையும் சரியாகக் கட்டிவிடுவோம். 2009-ல் அமெரிக்காவில் வந்த, டோர்ச்சுகளுக்கான எஃப்எல்1 என்ற நியமம் இதைத் தெளிவாக வரையறுக்கிறது: பொருளின் மேல் படும் ஒளி 0.25 லக்ஸாகக் குறையும் தூரம். லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் ஒளியை அளக்கும் அலகு. மேகமில்லாத பௌர்ணமி இரவில் நிலத்தில் விழும் நிலவொளி ஏறத்தாழ அவ்வளவுதான். கணக்கு சின்னது. கண்டெலா என்பது ஒரு திசையில் போகும் ஒளியின் செறிவை அளக்கும் அலகு. டோர்ச்சின் கண்டெலா எண்ணின் வர்க்கமூலத்தை எடுத்து இரண்டால் பெருக்கினால் எட்டம் மீற்றரில் வரும். 10,000 கண்டெலாவுக்கு 200 மீற்றர். 40,000 கண்டெலாவுக்கு 400 மீற்றர். எட்டத்தை இரட்டிக்கக் கண்டெலா நான்கு மடங்காக வேண்டும் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். பெட்டியில் போட்ட எட்டத்தில் பாதியை வைத்து வாங்குங்கள் என்று நான் சொல்வதற்கும் காரணம் இதுதான். பாதித் தூரத்தில் ஒளி நான்கு மடங்கு, அதாவது 1 லக்ஸ். அங்கே நிற்பது காட்டுப்பன்றியா, புதரா என்று பிரித்தறியலாம். கடைசி எல்லையில் நிழலுருவம் மட்டும்தான்.

லூமன் வேறு சங்கதி. அது டோர்ச்சிலிருந்து வெளியே வரும் மொத்த ஒளி. குழாயில் வரும் தண்ணீர் ஒன்றுதான். வாயை விரலால் அடைத்தால் தூரம் பாயும், பூவாளியைப் பொருத்தினால் பக்கத்திலேயே பரவும். அதே லூமனை உள்ளே இருக்கும் வெள்ளிக் கிண்ணம் குவிக்கவும் செய்யும், பரப்பவும் செய்யும். கிண்ணம் அகலமாகவும் ஆழமாகவும் வழவழப்பாகவும் இருந்து, எல்இடியின் ஒளிரும் பரப்பு சிறியதாக இருந்தால் எட்டம் கூடும். கிண்ணம் தோடம்பழத் தோல் மாதிரி சொரசொரப்பாக இருந்தால் ஒளியின் ஓரம் கரைந்து மெதுவாகும். மடியில் செருகிக்கொள்ளும் சின்ன டோர்ச்சில் கிண்ணம் பெரிதாக இருக்க இடமில்லை. அதனால் ஆயிரம் லூமன் என்று எழுதியிருந்தாலும் பெரியவரின் சவுக்கு மரத்துக்கு அது எட்டாமல் போகலாம்.

எல்இடிக்கு என்ன சொல் என்று கேட்டவருக்கு: எங்கள் பாடநூலில் ஒளிகாலும் இருவாயி, தமிழ்நாட்டில் ஒளி உமிழ் டையோடு. இரண்டையும் அகராதியில் போடுவோம். கடையிலும் வீட்டிலும் எல்இடி என்றே இருக்கட்டும்.

அப்புறம் ஒளிக்கற்றையின் வடிவம். போன வருடம் 11-ஆம் தரப் பிள்ளைகளோடு விஞ்ஞான அறையின் யன்னல்களை மூடி, வெள்ளைச் சுவரில் ஒரு டோர்ச்சை அடித்தோம். நான் எதுவும் சொல்வதற்கு முன்னமே முன்வாங்கில் இருந்த பிள்ளை, "சேர், நடுவுல பொட்டு வெச்ச மாதிரி இருக்கு" என்றாள். நடுவில் இருக்கும் அந்தக் கூர்மையான வெளிச்ச வட்டத்துக்கு பொட்டு என்ற பெயரை அன்றே கரும்பலகையில் எழுதிவிட்டேன். இதைவிட நல்ல சொல் கிடைக்குமென்று நான் நினைக்கவில்லை.

பொட்டைச் சுற்றி மங்கலாகப் பரவி, நம் காலடி வரைக்கும் வருகிற வெளிச்சம் இருக்கிறதே, அதற்குத்தான் நெடுநாள் யோசித்தேன். "சிதறொளி" என்று ஒருவர் முன்மொழிந்தார். சிதறல் என்பது துணிக்கைகளில் பட்டு ஒளி திசை மாறுவது; வேறொரு நிகழ்வின் பெயர். எங்கள் லயத்தில் மழை நாளில் அம்மா சொல்வது: "இஸ்தோப்புல ஒக்காராத, சாரல் அடிக்குது." மழை பெய்வது முற்றத்தில். நனைவது இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன்திண்ணையில், இருப்பவர். பொட்டு விழுவது தூரத்தில், நமக்குப் படிக்கட்டைக் காட்டுவது அதன் சாரல். மலைச்சரிவுக்கும் சாரல் என்ற பெயர் உண்டு என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இந்தச் சொற்கள் எங்களுக்கு எவ்வளவு தேவை என்பதற்கு ஓர் இரவைச் சொல்கிறேன். பருவகாலம் முடிந்த பிறகு ஒரு வைகாசிக் கடைசியில் சித்தப்பா மகனோடு சிவனொளிபாத மலைக்கு ஏறினேன். 2,243 மீற்றர் உயரம். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசிப் பௌர்ணமி வரை நல்லதண்ணிப் பாதை நெடுக மின்விளக்கு எரியும். மற்ற நாளில் இருட்டுத்தான், கையில் இருக்கும் டோர்ச்தான். பாதி வழியில் பனி இறங்கிவிட்டது. நான் புது டோர்ச்சை முழு வெளிச்சத்தில் வைத்து, தோளுயரத்தில் பிடித்து அடித்தேன். கண்ணுக்கு முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பியது. கால் வைத்திருந்த படிகூடத் தெரியவில்லை.

"அண்ணே, கீழ பிடிங்க. வெளிச்சத்தைக் கொறைங்க" என்றான் தம்பி. தன் பழைய டோர்ச்சை முழங்காலளவுக்குத் தாழ்த்திப் படியை நோக்கிப் பிடித்தான். ஈரம் மினுங்கும் கல்லின் விளிம்பு தெரிந்தது, அதில் நெளிந்த ஓர் அட்டையும் தெரிந்தது. ஒவ்வொரு படியாக ஏறினோம்.

நடந்தது இதுதான். கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்த டோர்ச்சின் சாரல், கண்ணுக்கு நேர் முன்னால் இருந்த பனித்துளிகளில் பட்டுத் திரும்பிக் கண்ணுக்கே வந்தது. தாழப் பிடித்தால் ஒளி போகும் வழியும் பார்வை போகும் வழியும் பிரிந்துவிடும். நெற்றியில் கட்டும் விளக்கு பனியில் சிரமம் தருவதும் இதனால்தான். மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்று எழுதியவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது, ஆகவே எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சிதறடிக்கும். மஞ்சள் கண்ணுக்கு இதமாக இருப்பது உண்மை. "பனியில் சாரலைக் குறை, தாழப் பிடி" என்று ஐந்து சொல்லில் இன்று என் மாணவர்களுக்குச் சொல்கிறேன். சொல் இல்லாத காலத்தில் இதற்கு அரைமணி நேரம் எடுத்தது.

இன்னோர் இரவும் உண்டு. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் அடித்தபோது எங்கள் லயத்தில் கரண்ட் இல்லை. மேலே மண் சரியுமோ என்ற பயத்தில் வயசானவர்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். கூட்டிப்போகிறவர்களுக்கு வேண்டியது காலடி வெளிச்சம், அகலமான சாரல். பின்னால் நின்ற இரண்டு பேருக்கு வேண்டியது மலையில் வெடிப்பு இருக்கிறதா, மரம் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்கும் எட்டம். "தூரத்துக்கு அடிக்கிற டோச்ச மேல குடுங்க, மத்தத கீழ குடுங்க" என்று மழைச் சத்தத்தில் கத்திக் கத்தி, மாறி மாறிக் கைக்குப் போனது. அந்த நேரத்தில் ஒரு சொல் இருந்திருந்தால் என்று நான் இப்போதும் நினைக்கிறேன்.

அந்த வாரத்துக்குப் பிறகு டோர்ச் வாங்க என்னிடம் யோசனை கேட்கிறவர்களுக்குச் சொல்வது: வீட்டுக்கு ஒன்றாவது, தோட்டத்துக் கடையில் கிடைக்கும் ஏஏ பெட்டரி போடக்கூடியதாக இருக்கட்டும். 18650 போன்ற லித்தியம் கலங்கள் நன்றாக உழைக்கும், யூஎஸ்பியில் சார்ஜ் ஆகும், ஆனால் கரண்ட் நான்கு நாள் இல்லையென்றால் கையைப் பிசைய வேண்டியதுதான். சில டோர்ச்சுகள் ஏஏயையும் அதே அளவான 14500 லித்தியக் கலத்தையும் ஏற்கும். கையேட்டில் அப்படி எழுதியிருந்தால் மட்டும் லித்தியத்தைப் போடுங்கள், ஏஏ 1.5 வோல்ட், லித்தியக் கலம் நிறையச் சார்ஜில் 4.2 வோல்ட். தண்ணீர் தாங்கும் தரத்துக்குப் பெட்டியில் ஐபிஎக்ஸ் எண் இருக்கும். எங்கள் மழைக்கு ஐபிஎக்ஸ்4 சமாளிக்கும். கானில் விழுந்தாலும் தாங்க வேண்டுமானால் ஐபிஎக்ஸ்7, அதாவது ஒரு மீற்றர் தண்ணீரில் அரைமணி நேரம்.

ஒரு லூமனுக்கும் குறைந்த மிகத் தாழ்ந்த நிலைக்கு மின்மினி என்று வைக்கலாமா? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் எல்லாரும் படுத்திருக்கும்போது, பிள்ளையின் காய்ச்சலைப் பார்க்க அந்த வெளிச்சம்தான் வேண்டும். மற்றவர்களின் தூக்கம் கெடாது.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து

---

குழுமத்தாருக்கு,

இரண்டு மறுமொழிகளுக்கும் நன்றி.

> "எட்டம்" என்றால் மட்டக்களப்பில் ஏற்கெனவே தூரம். "எட்டத்தில நில்லு" என்போம்.

இது என் பக்கத்துக்குப் பலம் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். தூரம் என்ற பொருளும் எட்டுதல் என்ற பொருளும் ஒரே வேரில் கூடி நிற்கின்றன. கிழக்கிலுள்ளவர்கள் விளக்கமில்லாமலே புரிந்துகொள்வார்கள்.

எண் எட்டோடு குழம்பும் என்ற அச்சம் எனக்கில்லை. "எட்டம் 8 மீற்றர்" என்று வகுப்பில் எழுதிப் பார்த்தேன். ஒரு பிள்ளையும் தடுமாறவில்லை.

ஆனால் ஒரு சொல்லில் எனக்கே தெளிவில்லை. நான் வாங்கிய சின்ன டோர்ச் முழு வெளிச்சத்தில் இரண்டு நிமிடம் எரியும். உடம்பு கையில் பிடிக்க முடியாமல் சுடும்போது, தானே மூன்றிலொரு பங்கு வெளிச்சத்துக்கு இறங்கிவிடும். பழுது என்று நினைத்துக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனவர்களை எனக்குத் தெரியும். இது பெட்டரி தீர்ந்து மங்குவது அல்ல. சூட்டிலிருந்து எல்இடியைக் காக்க உள்ளேயிருக்கும் சுற்று செய்யும் வேலை. "மங்கல்" என்றால் பெட்டரியைச் சந்தேகிப்பார்கள். சூடும் தணிகிறது, வெளிச்சமும் தணிகிறது என்பதால் தணிவு என்று எழுதி வைத்திருக்கிறேன். "ரெண்டு நிமிசத்துல தணிஞ்சிரும், அது பழுதில்ல" என்று கடைப் பையன் சொல்ல முடியுமா? மின்னணு வேலை செய்கிற உறுப்பினர்கள் பதில் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை ஹட்டனுக்குப் போகும்போது அந்தக் கடையில் சொல்லிப் பார்க்கிறேன்.