ஃபோர்முலா 1 கார் ஓட்டத்தில சம்பியனாகி அஞ்சாம் நாளே மெர்சிடிஸ் ஓட்டுநர் ரொஸ்பேர்க் விட்டுட்டுப் போனது நியாயமோ?

கொக்குவில் பெடியன்:
எனக்கு இண்டைக்கும் மனம் ஆறேல்லை. 2016 நவம்பர் 27, அபுதாபி ஓட்டம். எங்கட நேரத்துக்குப் பின்னேரம் ஆறரைக்குத் தொடங்கினது, பெரியப்பா வீட்டில இருந்து பாத்தனாங்கள். அதே அணியில ஓடின ஹமில்டன் முன்னுக்கு நிண்டு வேணுமெண்டே வேகத்தைக் குறைச்சு, ரொஸ்பேர்க்கைப் பின்னால வந்த வெட்டலிட்டயும் வெர்ஸ்டாப்பனிட்டயும் மாட்டிவிடப் பாத்தவர். வேகமா ஓடச் சொல்லி அணி ரேடியோவில சொல்லியும் கேக்கேல்லை. அப்பிடியும் ரொஸ்பேர்க் ரெண்டாவதா வந்து, 385 புள்ளி, ஹமில்டனுக்கு 380 எண்டு சம்பியன். டிசம்பர் 2, வியன்னாவில, இனி ஓடமாட்டன் எண்டிட்டார்!
அந்த யூலையிலதான் 2018 முடியுமட்டும் மெர்சிடிஸோட ஒப்பந்தம் நீட்டினவர். 2010இல இருந்து வைச்சிருந்த அணி. டிசம்பரில நல்ல ஓட்டுநர் எல்லாரும் வேற இடத்தில கையெழுத்து வைச்சிடுவினம். நன்றிக்கடன் எண்டு ஒண்டு இல்லையோ?

சுன்னாகம் கராச்காரன்:
தம்பி, நன்றிக்கடனை ஓட்டுறவனிட்ட மட்டும் கேக்காதையும். டேமன் ஹில் 1996இல வில்லியம்ஸ் அணிக்குச் சம்பியன் எடுத்துக் குடுத்தவர். சீசன் முடிய முதலே அடுத்த வருசம் உமக்கு இடமில்லை எண்டு சொல்லி, ஃப்ரென்ட்சனை எடுத்தவை. சம்பியன் போய் அரோஸ் எண்ட சின்ன அணியின்ர காரில பின்னுக்கு நிண்டு ஓடினார். 2016இலயே ரெட் புல் அணி ஓட்டுநர் க்வியாட் சீனாவில மூண்டாவதா வந்து மேடை ஏறினவர். அடுத்த ஓட்டம் ரஷ்யாவில, அது முடிய ரெட் புல்லில இருந்து இறக்கிப்போட்டு வெர்ஸ்டாப்பனை ஏத்திட்டினம். அதுக்கு ஆர் அழுதவை?
ரொஸ்பேர்க் அந்த வருசம் பட்ட பாட்டையும் பாரும். காலில தசை கூடினா நிறை கூடும் எண்டு சைக்கிள் ஓடுறதையே நிப்பாட்டி ஒரு கிலோ குறைச்சவர். ஜப்பான் சுசூகா தகுதிச்சுற்றில ஹமில்டனை வெண்டது 0.013 செக்கனால! பார்சிலோனாவில முதல் சுற்றிலயே ரெண்டு மெர்சிடிஸும் அடிபட்டுக் கல்லுக்குள்ள போய் நிண்டது. சின்னனில ஒரே அணியில கார்ட் எண்ட சின்னப் பந்தயக் கார் ஓடின ரெண்டு பெடியள் அவங்கள். உப்பிடி இன்னொரு வருசம் ஓடு எண்டு என்னால சொல்லேலாது.

நீர்வேலியான்:
அண்ணை, களைச்சவர் நிக்கட்டும், அது அவற்ற உரிமை. நான் சொல்லுறது நேரத்தை. எங்கட மாமா மற்றாக்களின்ர மாட்டுக்குச் சவாரி ஓட்டினவர். ஏலாமப் போன வருசம், மாட்டுக்காரர் வேற ஆள் பிடிக்க அவகாசம் இருக்கேக்கையே போய்ச் சொன்னவர். இங்க என்ன நடந்தது? மெர்சிடிஸ் வில்லியம்ஸின்ர ஓட்டுநர் போட்டாஸைக் கேக்க, வில்லியம்ஸுக்கு ஆளில்லை. பிரேசிலில கொடியைப் போத்திக்கொண்டு, அழுது பிரியாவிடை எடுத்த தங்கட மற்ற ஓட்டுநர் மாசாவைத் திருப்பிக் கூப்பிட்டினம். சண்டை மெர்சிடிஸ் வீட்டுக்குள்ள, அலைச்சல் வில்லியம்ஸுக்கு.

சுன்னாகம் கராச்காரன்:
அலைச்சல் உண்மைதான். ஆனா சம்பியன் ஆனாத்தானே விடலாம் எண்டு இருந்தவர், அதை முன்கூட்டி எப்பிடிச் சொல்லுறது? மெர்சிடிஸ் தலைவரா இருந்த நிக்கி லவுடாவே, தான் ஓட்டுநரா இருந்த 1979இல கனடாவில, பயிற்சி ஓட்டத்துக்கு நடுவில பிரபாம் அணியை விட்டுட்டு எழும்பிப் போனவர். ரொஸ்பேர்க் எல்லா ஓட்டமும் ஓடி முடிச்சுக் கிண்ணத்தைக் குடுத்திட்டுத்தான் போனவர்.