கருவாடாகவே தெரிந்த மீனை வாவியில் பார்த்தேன்

பதுளை மாவட்டத்துப் பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு நெத்தலி என்றால் கருவாடுதான். சம்பளம் போட்ட வாரம் சந்தையில் சாக்கை விரித்துக் குவித்திருப்பார்கள். அம்மா தலையைக் கிள்ளி, குடலை எடுத்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டு வதக்கி ரொட்டிக்குத் தருவார். அது உயிரோடு எப்படி இருக்கும் என்று எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) யாரும் பேசிக் கேட்டதில்லை.

நான் பார்த்தது மட்டக்களப்பு வாவியில். பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா என்று செங்கலடிக்கு இறங்கும் ஏ5 வீதிதான் எங்களுக்குக் கடலுக்குப் போகும் பாதை. மச்சான் கல்லடியில் இருக்கிறார். விடியற்காலையில் அவரோடு வாவிக் கரைக்குப் போனேன். காற்று துளியும் இல்லை. ஆனாலும் ஓரிடத்தில் மட்டும் தூறல் விழுவதுபோல் தண்ணீர் சிலிர்த்துக்கொண்டிருந்தது. கிட்டப் போனதும் அந்தக் கூட்டம் முழுக்க ஒரே நேரத்தில் திரும்பியது. அத்தனை மீனின் பக்கவாட்டும் ஒன்றாகப் பளிச்சிட்டு, அடுத்த நொடி எதுவும் தெரியவில்லை. அந்த அழகை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

வீச்சுவலை போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒரு பிடி அள்ளிக் கையில் கொடுத்தார். விரல் நீளம்கூட இல்லை. தொட்டதுமே செதில் கழன்று விரலில் ஒட்டிக்கொண்டது. நெத்தலியா என்று கேட்டேன்.

"இல்ல தம்பி, இது சூடைக்குஞ்சு. வயித்த வாலிலிருந்து தலைப்பக்கமாத் தடவிப் பாருங்க."

தடவினேன், ரம்பப் பல் மாதிரி சுரசுரத்தது. சூடை, சாளை இனங்களுக்கு வயிற்று விளிம்பு நெடுகப் பின்னோக்கிய முள்செதில்கள் உண்டு. வாய் சின்னது, சற்று மேல்நோக்கி இருக்கும். நெத்தலிக்கோ மூக்கு முன்னால் நீண்டு, வாய் கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். விலாவில் வெள்ளிக் கோடு ஓடும். இரண்டும் தூரத்து உறவு. இரண்டும் கூட்டமாகத் திரிந்து, மிதவை நுண்ணுயிர்களைத் தின்று வாழ்பவை.

இந்த உறவில் இன்னொரு பொடி மீனையும் சொல்லியாக வேண்டும். எஹிரவா ஃப்ளூவியாடிலிஸ் என்று 1929இல் இலங்கை விலங்கியலாளர் பி. இ. பி. தெரணியகல பெயரிட்டது. முழுதாக வளர்ந்தாலும் 5, 6 சென்டிமீட்டர்தான். முகத்துவாரங்களிலும் களப்புகளிலும் வாழ்கிற இந்த மீன், பொலன்னறுவைப் பராக்கிரம சமுத்திரத்தின் நன்னீரிலும் இனம் பெருக்கி நிலைத்துவிட்டது. கடலோரத்து மீன் ஒன்று உள்நாட்டுக் குளத்தில் குடும்பம் நடத்துவது எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஊருக்கு வந்ததும் வீட்டிலிருந்த நெத்தலிப் பொட்டலத்தை முறத்தில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெரும்பாலும் நெத்தலிதான், நடுவில் சூடைக்குஞ்சுகளும் இருந்தன. காய்ந்த பிறகும் வயிற்று முள் விரலில் தட்டுகிறது. கலப்படம் என்று கோபப்பட வேண்டாம். இரண்டையும் முள்ளோடு சாப்பிடலாம், சுண்ணாம்புச் சத்து அந்த முள்ளில்தான் இருக்கிறது. பால் வாங்க முடியாத வீடுகளில் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதைக் கட்டாயம் கொடுங்கள். உப்புக் குறைய முதலில் சுடுதண்ணீரில் அலசுங்கள்.

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைச் சந்தைகளில் வாங்குகிறவர்களும் ஒரு பிடியை எடுத்து வாயையும் வயிற்றையும் பாருங்கள். எந்தச் சந்தையில் என்ன கலந்து வருகிறது என்று எழுதினால் எல்லோருக்கும் உதவும்.