புதுப்பிப்பு: சரிவுத் தோட்டத்து பிளம்ஸ் மரத்துக்கு எவ்வளவு தண்ணீர்?

கொடைக்கானல் பக்கம் வில்பட்டியில், சரிவில் நிற்கும் பிளம்ஸ் மரங்களுக்குக் கோடையில் சொட்டுநீரில் எவ்வளவு விடலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இந்த முறை காய் நன்றாகத் திரண்டது, உதிர்வும் குறைவு.

கைகொடுத்தது, கிளை விரிந்த பரப்பை வைத்துக் கணக்குப் போடச் சொன்ன அண்ணனின் யோசனை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். என் மரங்களின் விரிவு 4 மீட்டர் விட்டம், பரப்பு சுமார் 12.5 சதுர மீட்டர். வெயில் நாளில் நீராவிப்போக்கு (மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் ஆவியாகிப் போகும் நீர்) 4 மில்லிமீட்டர் என்று வைத்தேன். அடியில் புல் இல்லாத பிளம்ஸ், பீச் மரங்களுக்குக் காய் பருக்கும் பருவத்தில் பயிர்க் கெழு, அதாவது அந்த நீராவிப்போக்கில் மரத்துக்கு எவ்வளவு பங்கு தேவை என்று சொல்லும் எண், 0.9 (ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் 1998 கையேடு). பெருக்கினால் 45 லிட்டர், சொட்டுநீர் இழப்பையும் சேர்த்தால் நாளுக்கு 50. மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான் மரத்துக்கு நான்கு, மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஓட்டினால் சரி.

எதிர்பாராதது சரிவுதான். சொட்டுவானுக்கு அடியில் பாட்டில் வைத்துப் பார்த்தேன்: மேல் வரிசையில் பாதி நிறைவதற்குள் கீழே வழிந்துவிட்டது. 10 மீட்டர் இறக்கத்துக்குக் குழாயில் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் ஈடுசெய்யும் சொட்டுவான் (அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் ஒரே அளவு விடுவது) மாற்றியதும் எல்லா வரிசையும் ஒன்றானது. அப்புறம், சொட்டுவான்களை மரத்தின் மேட்டுப் பக்கம் வையுங்கள், ஈரம் கீழ்நோக்கித்தான் இறங்கும்.

மழை பெய்தால் ஒரு அடி தோண்டி மண்ணைப் பிடித்துப் பார்க்கிறேன். உருண்டை பிடித்தால் அன்று தண்ணீர் இல்லை.