ஆயா பாதியில் விட்ட துண்டுத்துணிப் போர்வையை முடித்த அனுபவம்

சத்துவாச்சாரி, வேலூர்

வீட்டுப் பெரியவர்கள் பாதியில் விட்டுப்போன துண்டுத்துணிப் போர்வை யாரிடமாவது இருந்தால், பின்பக்கம் காகிதம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் உருவிவிடாதீர்கள். எங்கள் ஆயா (பாட்டி) தைத்த போர்வைக்கு மாதிரிப் படம் எதுவும் கிடைக்கவில்லை. அந்தக் காகிதங்களை வைத்துத்தான் முழுவதையும் முடித்தேன்.

ஆயா மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். இந்தத் தையலை அங்கே ஒரு மிஸ்ஸியம்மாவிடம் கற்றுக்கொண்டதாக அம்மா சொல்வார். இருக்கும். ஆற்காடு மிஷன் தொடங்கிய 1853 முதலே அமெரிக்கர்கள் இந்தப் பக்கம் வந்து தங்கியிருக்கிறார்கள். 1900-இல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்ததுதான் இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரி. ஆயாவின் டிரங்குப் பெட்டியில் அந்துருண்டை வாசனையோடு இருந்ததும் 1920, 30களில் அமெரிக்காவில் ரொம்பப் பிரபலமாக இருந்த பூந்தோட்ட டிசைன்தான். எல்லாம் அறுகோணத் துண்டுகள். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, அதற்கு வெளியே பன்னிரண்டு என்று பத்தொன்பது துண்டு சேர்ந்தால் ஒரு பூ. பூவுக்கும் பூவுக்கும் நடுவே வரப்பு மாதிரி வெள்ளைத் துண்டுகள் ஓடும். அந்த வெள்ளை ஒரு வரிசையா இரண்டு வரிசையா என்பது, ஆயா ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்த பூக்களைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஒரு வரிசைதான்.

காகிதத்தின் மேல் துணியை மடித்து ஓட்டுத்தையல் போட்டு, விளிம்போடு விளிம்பைப் பொடித் தையலில் சேர்ப்பது இதன் முறை. ஒரு துண்டின் ஆறு பக்கமும் சேர்ந்துவிட்டால் அதன் காகிதத்தை எடுத்துவிடலாம். அதனால்தான் உள்துண்டுகளில் காகிதம் இல்லை, ஓரத்துண்டுகளில் மட்டும் அப்படியே நின்றிருந்தது. மளிகைக் கணக்கு, பள்ளிக்கூட நோட்டு, கடித உறை என்று கைக்குக் கிடைத்ததை வெட்டியிருக்கிறார். ஒரு துண்டில் 'து.பருப்பு அரை வீசை' என்று எழுதி, பக்கத்தில் அணாவில் விலை. வேறு பூக்களில் 'ந.பை.' என்று இருந்தது. அணாவுக்குப் பதிலாக நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில், 1964-இல் 'நயா' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். பழைய அணாக் கணக்கைப் பிற்காலத்திலும் வெட்டியிருக்கலாம். ஆனால் ந.பை. காகிதம் 1957-க்கு முன்னால் வந்திருக்க வழியே இல்லை.

இப்படிப் பூக்களைப் பிரித்து வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அணாப் பூக்களில் நிறத்துக்கு ஒரு ஒழுங்கு கிடையாது. ந.பை. பூக்கள் அத்தனையிலும் நடுத்துண்டு மஞ்சள், அடுத்த சுற்று ஒற்றை நிறப் பாப்ளின், வெளிச்சுற்று சீட்டித் துணி (பூ அச்சடித்த பருத்தி). போகப்போக அவரே ஒரு முறைக்கு வந்திருக்கிறார்! நான் புதிதாகத் தைத்த பூக்களுக்கு அந்த முறையைத்தான் எடுத்துக்கொண்டேன். அச்சடித்த டிசைன் கிடைத்திருந்தால்கூட இது தெரிந்திருக்காது.

அளவு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒரு துண்டை மட்டும் அளந்தால் பக்கம் ஒரு அங்குலம் என்றுதான் தோன்றும். பத்துத் துண்டு வரிசையாக அளந்தேன், பதினெட்டு அங்குலம் வந்தது. பக்கம் சரியாக ஒரு அங்குலமாக இருந்தால் பதினேழே கால்தான் வரவேண்டும். அதாவது கடையில் வாங்கும் ஒரு அங்குல அச்சு இதற்குப் பொருந்தாது, பத்துத் துண்டிலேயே முக்கால் அங்குலம் இழுக்கும். ஆயாவின் காகிதம் ஒன்றை மெல்லிய அட்டையில் வரைந்து, அந்த அட்டையை வைத்தே எல்லாக் காகிதமும் வெட்டினேன். தையலுக்குச் சுற்றிலும் கால் அங்குலம் துணி விட்டேன்.

வெள்ளைக்குக் காடாத் துணியை இரண்டு தரம் அலசிச் சுருங்கவிட்டு வெட்டினேன். பளீர் வெள்ளை பழைய துணிக்குப் பக்கத்தில் உறுத்தும். டீ டிகாஷனில் முக்கிப் பழசாக்கச் சிலர் சொல்வார்கள், தயவுசெய்து வேண்டாம். அந்தக் கறை நாளாக ஆகத் துணியை அரிக்கும். நூல் பருத்தி நூலாகவே இருக்கட்டும். நூல் அறுந்தால் மறுபடி தைக்கலாம், அறுபது வருஷத்துச் சீட்டி அறுந்தால் என்ன செய்வது? புதுப் பூக்களை ஓரத்தில் வைத்தேன். போர்வையில் முதலில் தேய்வது ஓரம்தானே.

வாலாஜாபேட்டையிலிருந்து:

அக்கா, எங்கள் மாமியாருடையது பூ இல்லை. நடுவில் சிவப்புச் சதுரம், சுற்றிச் சுற்றி நாடா நாடாவாகத் துணி, ஒரு பாதி வெளிர் நிறம், மறுபாதி அடர் நிறம். காகிதமும் கிடையாது. ஆனால் பின்பக்கம் திருப்பினால் எந்தத் தையல் எதன் மேல் ஏறிப் போகிறது என்று தெரியும். மேலே ஏறியதுதான் பிறகு தைத்தது. அப்படியே உள்ளே போய்க்கொண்டிருந்தால் வரிசை முழுக்கக் கிடைத்துவிடும்.

ஆனாலும் நான் புதுக்கட்டம் ஒன்றும் சேர்க்கவில்லை. இருந்தவரைக்கும் சேர்த்து, சுற்றிலும் அகலமாக ஒரு கரை வைத்து, குழந்தைக்குப் போர்த்தும் அளவில் முடித்துவிட்டேன். நம் துணி சேர்ந்தால் அது அவர்கள் வேலையாக இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

சத்துவாச்சாரி:

நீங்கள் செய்ததும் சரிதான் அம்மா. எங்கள் வீட்டில் இது பெரிய கட்டிலுக்கு என்று ஆயா அம்மாவிடம் சொல்லியிருந்தார், அதனால்தான் முழு அளவுக்குக் கொண்டுபோனேன். எது அவர் தைத்தது, எது நான் தைத்தது என்று அடித்துணியில் ஒரு மூலையில் நூலால் எழுதி வைத்திருக்கிறேன். பின்னால் வருபவர்கள் குழம்பக் கூடாது.

குடியாத்தத்திலிருந்து:

உள்ளே என்ன வைத்தீர்கள்? மெத்தைக் கடையில் பஞ்சு அடித்து வாங்கலாமா? அடித்துணிக்கு எங்கள் ஊர்க் கைத்தறி சரிப்படுமா? அப்புறம், துவைப்பது எப்படி?

சத்துவாச்சாரி:

மெத்தைப் பஞ்சு வேண்டாம். ரொம்ப நெருக்கித் தைத்தால்தான் நிற்கும், இல்லாவிட்டால் உள்ளே உருண்டுவிடும். நான் வைத்தது அம்மாவின் நைந்த நூல் சேலை ஒன்று. வேலூரில் மார்கழிக் குளிருக்கு அதுவே தாராளம். குடியாத்தம் கைத்தறி நன்றாக இருக்கும், ஆனால் முதலில் சாயம் போகிறதா என்று பாருங்கள். ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்து அழுத்தினால் தெரிந்துவிடும். பழைய சிவப்புச் சீட்டிக்கும் இதே சோதனை.

அடித்துணி சேர்க்காமல் மேல்பாகத்தை மட்டும் துவைக்கவே கூடாது, மடிப்பு ஓரமெல்லாம் பிரிந்து நூல் நூலாக வரும். முடித்த பிறகும் மெஷின் வேண்டாம். அகலமான டப்பில் ஊறவைத்து அமுக்கி எடுங்கள், பிழியாதீர்கள். நனைந்த போர்வை நல்ல கனம், கொடியில் போட்டால் பழைய தையல் இழுபடும். மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்து அதன் மேல் பரப்பி, மேலேயும் ஒரு வேட்டி போட்டுவிடுங்கள். நம் ஊர் வெயில் நேராகப் பட்டால் அந்தக் காலத்துச் சாயம் தாங்காது.