புதுப்பிப்பு: கொதிகலனுடன் வெப்பச் சேமிப்புத் தொட்டியை இணைத்த பிறகு

வீட்டைச் சூடாக்கும் என் விறகுக் கொதிகலன், வெப்பம் குறைவாகத் தேவைப்படும் நேரங்களில் காற்றுக் குறைவில் புகைந்து எரிவதைத் தவிர்க்க 500 லிட்டர் நீர்த்தொட்டியை இணைக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன், இணைத்துவிட்டேன். இப்போது விறகு முழு வேகத்தில் எரிந்து முடிகிறது, மிஞ்சிய வெப்பம் தொட்டியில் தங்கி இரவில் வீட்டைச் சூடாக்குகிறது.

ஆனால் தொடக்கத்தில் பெரிதும் ஏமாற்றமாக இருந்தது. வீட்டைச் சுற்றித் திரும்பும் குளிர்ந்த நீர் பம்பின் வேகத்தால் தொட்டிக்குள் பாய்ந்து, மேலே சுடுநீரும் கீழே குளிர்நீரும் அடுக்காக நிற்க விடாமல் கலக்கிவிட்டதால், தொட்டி முழுவதும் வெதுவெதுப்பாகி எதற்கும் பயன்படாமல் போனது. பம்பின் வேகத்தைக் குறைத்ததும் அடுக்குகள் நிலைத்தன. என் பார்வையில், தொட்டியின் அளவைவிட இதுவே முக்கியம்.

கொள்ளளவு பற்றிய என் பழைய கணக்கையும் திருத்த வேண்டும். நீர் 80 டிகிரியிலிருந்து 40 வரை குளிர்ந்தால் ஏறத்தாழ 23 கிலோவாட் மணி கிடைக்கும் என்பது சரிதான். ஆனால் அறைகளைச் சூடாக்கும் என் ரேடியேட்டர்களுக்கு 50 டிகிரிக்குக் கீழான நீர் போதாது என்பதால், உண்மையில் பயன்படுவது சுமார் 17 மட்டுமே. தரைக்கு அடியில் பதித்த குழாய்களால் வீட்டைச் சூடாக்குபவர்களுக்கு 35 டிகிரி நீரும் உதவும் என்பதால், இதே தொட்டி அவர்களுக்குக் கூடுதலாகத் தரும். அடுத்து, மூடப்படாத குழாய் இணைப்புகளுக்கு வெப்பக்காப்பு சுற்றவிருக்கிறேன்.