நானும் அந்தப் பக்கந்தான் போகிறேன்

காரைக்குடிக்கு அருகிலிருந்து:

சென்ற மார்கழியில் அப்பச்சிக்கு (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் அழைப்போம்) துணையாக இருக்கச் சென்னையிலிருந்து ஊருக்கு வந்து நான்கு மாதம் தங்கினேன். அப்பச்சிக்கு 84 வயது. ஐம்பதாண்டுக்கு முந்தைய வட்டிக் கணக்கை வரி பிசகாமல் சொல்வார்கள். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதுதான் நினைவில் நிற்பதில்லை. எங்கள் வீட்டின் அமைப்பு இங்குள்ள எல்லோருக்கும் தெரிந்ததே: முகப்பு ஒரு தெருவில் இருக்கும்; வளவு என்கிற உள்முற்றமும் இரண்டாம் கட்டும் அடுப்படியும் கடந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். அந்த வழியே இறங்கிவிட்டால் ஒரே மாதிரி நீளும் மதில்களும் பூட்டிய கதவுகளுமே கண்ணில் படும்; முகப்புக்கு வரத் தெருக்கோடி வரை நடந்து சுற்றியாக வேண்டும். அப்பச்சி அப்படி இறங்கி, திரும்பும் வழி பிடிபடாமல் மதிலைத் தொட்டபடி நின்ற நாட்கள் பல என்பதை நான் வெகு தாமதமாகத்தான் அறிந்தேன்.

தெருக்கோடியில் டீக்கடை வைத்திருப்பவரால்தான் அது எனக்குத் தெரியாமலே இருந்தது. பெரும்பாலும் பதினொரு மணிவாக்கில் அவரும் அப்பச்சியும் பேசிக்கொண்டே முகப்புக்கு வந்து சேர்வார்கள். திண்ணையில்கூட உட்காராமல் அவர் விடைபெற்றுக்கொள்வார். பழகியவர்கள், காலாற நடந்துவிட்டு வருகிறார்கள் என்றே நினைத்திருந்தேன். ஒரு நாள் பின்கட்டில் துணி உலர்த்தும்போது, திறந்திருந்த கதவு வழியே நடப்பதைக் கண்ணாரக் கண்டேன். அப்பச்சி தெருவில் நின்று இடமும் வலமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் அடுப்பைத் தணித்துவிட்டு, ஈரக்கையைத் துண்டில் துடைத்தபடி நிதானமாக வந்து, "ஐயா, நானும் அந்தப் பக்கந்தான் போறேன், பேசிக்கிட்டே போவமா?" என்றார். வீடு தெரியவில்லையா என்று கேட்கவில்லை, கையைப் பிடிக்கவும் இல்லை. அரை அடி பின்னாலேயே நடந்தவர், திருப்பம் வந்தபோது மட்டும் தாம் முதலில் காலெடுத்து வைத்தார். கடையில் மூன்று பேர் டீக்குக் காத்திருந்தார்கள், ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்த செய்தி, வீட்டுக்குள் இருந்த எனக்குத் தெரியவில்லை என்பது இன்றும் நெஞ்சை உறுத்துகிறது.

நன்றி சொல்லப் போனேன். "எனக்கும் அந்தப் பக்கம் வேலை இருக்குங்க" என்றார், அதற்கு மேல் பேச்சை வளர்க்கவில்லை. மின்வேதியியல் ஆய்வகம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அள்ளித் தந்த வள்ளல் அழகப்பர் பிறந்த மண் இது. கொடை என்றாலே நமக்குப் பெரியவை நினைவுக்கு வருவதில் தவறில்லை. ஆனால் வியாபார நேரத்தில் கால் மணி நேரத்தை விட்டுக்கொடுக்கிறவரும் நம் கண்ணில் பட வேண்டும் அல்லவா? உங்கள் தெருவில் அப்படி எவரையேனும் கவனித்திருந்தால் எழுதுங்கள்.

தேவகோட்டையிலிருந்து:

தைப்பூசத்துக்காகக் குன்றக்குடியிலிருந்து காவடிகளோடு பழநிக்கு நான் முதன்முறை நடந்தபோது, நத்தத்தை நெருங்குவதற்குள் இரு குதிகாலிலும் கொப்புளம் கிளம்பிவிட்டது. சாலையோரத்தில் ஒரு மூதாட்டி, அண்டாவில் வெந்நீரும் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயும் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். என் தாயைவிட மூத்தவர் காலைத் தொட வருகிறாரே என்று கூச்சத்தில் பின்வாங்கினேன். "ஒனக்கா செய்றேன்? முருகனுக்குல்ல செய்றேன், காலை நீட்டுப்பா" என்றார். என் கூச்சத்தை ஒரே சொல்லில் போக்கிவிட்டார். இப்போது மூட்டுவலியால் நடக்க இயலவில்லை. ஆகவே ஆண்டுதோறும் அதே வழியில் ஓரிடத்தில் அண்டாவோடு போய் அமர்கிறேன். கூச்சப்படுகிறவர்களிடம் அவர் சொன்னதையே நானும் சொல்கிறேன்.

ஆத்தங்குடிப் பக்கமிருந்து:

மேலே உள்ள இரண்டையும் படித்த பிறகு என் பிழையையும் சொல்லத் தோன்றுகிறது. வீட்டில் அறுபதாம் ஆண்டு நிறைவுச் சாந்திக் கல்யாணம் நடந்தபோது, பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணை வளவில் உறவினர் எல்லோரும் கூடியிருந்த நேரத்தில் அழைத்து, அவர் மகளின் படிப்புச் செலவுக்கென்று உரக்கச் சொல்லிப் பணம் கொடுத்தேன். தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். அதன் பிறகு பல நாள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கொடுத்த மகிழ்ச்சியில் இருந்த எனக்கு, அத்தனை பேர் முன்னிலையில் அவரை ஏழையாக நிறுத்திவிட்டேன் என்பது உறைக்கவே ஓராண்டு ஆயிற்று.

அந்தப் பெண் பிள்ளை இப்போது கல்லூரியில் சேர்ந்திருக்கிறது. சென்ற வாரம் அதன் தாயிடம், "ஐயா காலத்துப் பேரேடுகளைப் பார்த்து எழுத நல்ல கையெழுத்து உள்ள ஆள் வேண்டியிருக்கிறது, பாப்பா ஞாயிறுதோறும் வந்து எனக்கு உதவி செய்யுமா?" என்று அடுப்படியில் தனியாகக் கேட்டேன். பாதியில் வேலையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தவர், "பாப்பா கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் ஆச்சி" என்றார். பெட்டகத்திலிருந்து பேரேடுகளை எடுத்துத் தூசி தட்டி, வளவு வெயிலில் பரப்பி வைத்திருக்கிறேன்.