நாட்டுக்கு ஒரு மதிப்பெண் போட்டு ஆளை நடத்த முடியுமா?

பாய்மரம்:
அடுத்த மாதம் முதல் ஜெர்மனி, ஜப்பான், பிரேசில், நெதர்லாந்து என்று நான்கு நாட்டு ஆட்கள் என் பொறுப்பில் வருகிறார்கள். அதற்காக அலுவலகத்தில் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். முடிவில் கையில் ஒரு தாள். நாட்டின் பெயருக்கு எதிரே மதிப்பெண்கள்: அதிகார இடைவெளி (மேலதிகாரிக்கு எவ்வளவு அடங்கிப் போவார்கள் என்பது) இவ்வளவு, தனிமனிதப் போக்கு (குழுவைவிடத் தன்னை முன்வைப்பது) இவ்வளவு. கீழே குறிப்புகள்: "ஜப்பானியர் ஆமாம் என்றால் காதில் விழுந்தது என்றுதான் அர்த்தம், சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்." ரயில் அட்டவணையைப் பார்ப்பது போல இருந்தது. இந்தத் தாளை நம்பலாமா, கிழித்துப் போடலாமா? பல நாட்டு ஆட்களோடு வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கன்:
கிழிச்சுப் போடுங்க. அந்த மதிப்பெண் எங்கிருந்து வந்ததுன்னு பயிற்சி நடத்தினவர் சொன்னாரா? டச்சு ஆய்வாளர் கீர்ட் ஹாஃப்ஸ்டெட், 1967லிருந்து 1973 வரைக்கும் ஐபிஎம் ஊழியர்கள்கிட்ட வாங்கின ஒரு லட்சத்துக்கும் மேலான படிவங்களை வச்சுப் போட்ட கணக்கு அது. அதாவது ஒரே கம்பெனி. மொத்த எண்ணிக்கையைக் கேட்டா மலைப்பா இருக்கும், நாடு நாடாப் பிரிச்சா பல்லிளிக்கும். பாகிஸ்தான்ல முதல் சுற்றுல 37 பேர், அடுத்த சுற்றுல 70 பேர். 2002ல பிரெண்டன் மெக்ஸ்வீனிங்கிற ஆய்வாளர் இதையெல்லாம் எடுத்துக் கிழி கிழின்னு கிழிச்சிருக்கார். ஒரே கம்பெனியில வாங்கின 107 படிவத்தை வச்சு ஒரு தேசத்துக்கே ஜாதகம் எழுதுறதா?

மேகலை:
கணக்கன், நீங்கள் சொன்ன குறை உண்மைதான். ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். இது நாடுகளை ஒப்பிடத்தான், தனி ஆளை அளக்க அல்ல என்று ஹாஃப்ஸ்டெடே சொல்லியிருக்கிறார். தாளைத் தப்பாகப் பயன்படுத்தினால் அது பயிற்சி நடத்தியவர் செய்த தப்பு.

கலாச்சாரமே பொருட்டில்லை என்று சொல்பவர்கள் ஜெர்மனியில் வால்மார்ட் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். 1997ல் உள்ளே போனார்கள். ஆரம்பத்தில் தலைமைக்கு அமெரிக்காவிலிருந்து ஆள், அவருக்கு ஜெர்மன் தெரியாது, மேல்மட்டத்தில் ஆங்கிலம்தான் என்றார்கள். வாசலில் நின்று வரவேற்பு, வாடிக்கையாளரைப் பார்த்தால் சிரிப்பு என்று அமெரிக்க வழக்கத்தை அப்படியே இறக்கினார்கள். ஊழியர்களுக்குள் காதல் கூடாது என்ற நடத்தை விதியையும் கொண்டுவந்தார்கள். அது வுப்பர்டால் தொழிலாளர் நீதிமன்றம் வரை போய் 2005ல் அடிபட்டது. 2006ல் 85 கடைகளையும் மெட்ரோ என்ற ஜெர்மன் கடை நிறுவனத்திடம் விற்றுவிட்டுக் கிளம்பினார்கள்.

கணக்கன்:
இந்த வால்மார்ட் கதையைச் சொல்லாத பயிற்சி வகுப்பே கிடையாது. சிரிச்சதால தோத்தாங்கன்னு சொன்னா கேக்க நல்லா இருக்கும். நிஜம் என்ன? அங்க ஆல்டி, லிடில்னு உள்ளூர் மலிவு விலைக் கடைகள் ஏற்கெனவே அடிமாட்டு விலைக்கு வித்துக்கிட்டு இருந்துச்சு. வால்மார்ட்டோட ஒரே ஆயுதம் விலை, அந்த ஆயுதம் அங்க செல்லலை. வாங்கின விலைக்கும் கீழ வித்துப் பார்த்தாங்க, போட்டி ஆணையம் 2000ல தடுத்துடுச்சு. இதுல கலாச்சாரம் எங்க வருது? நடத்தை விதி விவகாரமும் சட்டம் சார்ந்தது. அங்க பணியாளர் மன்றத்தை, அதாவது ஊழியர்கள் தேர்ந்தெடுக்கிற குழுவை, கேக்காம அப்படி விதி போட முடியாது. போறதுக்கு முன்னாடி ஒரு வக்கீலைக் கேட்டிருந்தாலே போதும்.

மேகலை:
பணியாளர் மன்றத்துக்கு நிர்வாகத்தை நிறுத்தி வைக்கும் உரிமை தர வேண்டும் என்று ஒரு நாடு சட்டம் போடுகிறதே, அது எங்கிருந்து வந்தது? முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே என்ன முறை நியாயம் என்று அந்த ஊரார் நினைக்கிறார்களோ அதுதானே பிறகு சட்டமாகிறது.

கணக்கன்:
சட்டமும் கலாச்சாரம், விலையும் கலாச்சாரம், எல்லாமே கலாச்சாரம்னா அந்தச் சொல்லை வச்சு எதையும் விளக்க முடியாதே மேடம்.

பட்டறைக்காரன்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் உற்பத்திப் பிரிவு ஆள், எனக்குத் தெரிந்த உதாரணம் நம்மி (NUMMI) என்ற கார் ஆலை. கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை. வேலைக்கு வராதவர்கள் ஏராளம், பணிநேரத்திலேயே குடி, தீராத தொழிற்சங்கச் சண்டை. 1982ல் மூடிவிட்டார்கள். 1984ல் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து திறந்தபோது வேலைக்கு எடுத்ததில் பெரும்பாலானோர் பழைய ஆட்களே, சங்கமும் அதே சங்கம். கொஞ்ச காலத்தில் அங்கிருந்து வந்த வண்டியின் தரம் ஜப்பானில் செய்த வண்டிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

இதில் எனக்குப் பிடித்தது, வண்டிகள் நகரும் உற்பத்தி வரிசையில் தொங்கவிட்ட கயிறு. குறை கண்ட தொழிலாளி யாராக இருந்தாலும் கயிற்றை இழுக்கலாம், சரிசெய்ய முடியாவிட்டால் மொத்த வரிசையும் நிற்கும். முன்பு வரிசையை நிறுத்துவதைப் போலக் குற்றம் வேறில்லை. டொயோட்டா வந்த பிறகு கயிறு இழுத்தால் மேற்பார்வையாளர் ஓடி வந்து என்ன உதவி வேண்டும் என்று கேட்டார். அமெரிக்கத் தொழிலாளி ஜப்பானியர் ஆகிவிடவில்லை. முறை மாறியது, அவ்வளவுதான்.

கணக்கன்:
அப்படிப் போடுங்க! இதைத்தான் நானும் கத்திக்கிட்டு இருக்கேன்.

மேகலை:
பட்டறைக்காரன், பாதிக் கதையைச் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டீர்களே. திறப்பதற்கு முன் குழுத் தலைவர்களை நூற்றுக்கணக்கில் ஜப்பானுக்கு அனுப்பி, டொயோட்டா ஆட்களோடு தோளுக்குத் தோள் நின்று வேலை பழக வைத்தார்கள். அங்கே போய்ப் பார்த்த பிறகுதான் மனம் மாறியது. அதே முறையை ஜெனரல் மோட்டார்ஸ் தன் வான் நைஸ் தொழிற்சாலையில் இறக்கப் பார்த்தது. அங்கே கயிறும் இருந்தது, இழுத்தால் மேலதிகாரி முறைத்தார். 1992ல் அந்த ஆலையையே மூடிவிட்டார்கள். கயிறு ஒன்றுதான், ஆனால் அதை இழுக்க ஒருவருக்குத் தைரியம் எங்கிருந்து வருகிறது? நான் கலாச்சாரம் என்பது அதைத்தான். அது நாட்டு எல்லையோடு ஒட்டியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை.

பட்டறைக்காரன்:
வான் நைஸ் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் இப்போது நீங்கள் கணக்கன் பக்கம் வந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. இரண்டு ஆலையும் ஒரே மாநிலம்!

கணக்கன்:
இன்னொண்ணையும் சொல்றேன். தோத்துப்போன பெரிய மனுஷங்களுக்கு 'கலாச்சாரம்' நல்ல போர்வை. 1998ல ஜெர்மன் கார் கம்பெனி டெய்ம்லர் பென்ஸும் அமெரிக்கக் கார் கம்பெனி கிறைஸ்லரும் சேர்ந்தப்போ 'சமமானவங்க இணையறாங்க'ன்னு உலகத்துக்கே சொன்னாங்க. ரெண்டே வருஷத்துல டெய்ம்லர் தலைவர் யூர்கன் ஷ்ரெம்ப், கிறைஸ்லர் ஒரு பிரிவா ஆகணும்கிறதுதான் தொடக்கத்திலிருந்தே தன் நோக்கம்னு பேட்டியில போட்டு உடைச்சார். பங்குதாரர் கிர்க் கெர்கோரியன் வழக்கே போட்டார். 2007ல கிறைஸ்லரோட பெரும்பங்கை செர்பெரஸ்ங்கிற முதலீட்டு நிறுவனத்துக்குத் தள்ளிவிட்டாங்க. இன்னிக்குப் பாடம் எடுக்கிறவங்க என்ன சொல்றாங்க? ஜெர்மன்காரங்க கறார், அமெரிக்கங்க தளர்வு, அதனால ஒத்துப்போகலையாம். வாக்குல நேர்மை இல்லைன்னா ஒரே ஊர்க்காரங்களுக்குள்ளயும் ஒத்துப்போகாது.

மேகலை:
இதை ஒத்துக்கொள்கிறேன். டெய்ம்லர் விவகாரத்தில் முதல் கோளாறு அதிகாரம்தான். (கிறைஸ்லர் தலைவரின் சம்பளம் ஷ்ரெம்பின் சம்பளத்தைவிடப் பல மடங்கு. அந்தப் புகைச்சலையாவது எனக்கு விட்டுக்கொடுங்கள்.)

பாய்மரம் கேட்டதற்கு வருகிறேன். நான் முதன்முதலில் பல நாட்டுக் குழுவை நடத்தியபோது காணொலிக் கூட்டத்தில் "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சரி, முடிவாயிற்று என்று வேலையை ஆரம்பித்துவிட்டேன். மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது, ஒசாகாவில் இருந்த இருவருக்கு அந்தக் கால அட்டவணை நடக்காது என்று அன்றே தெரியும். அவர்கள் மறைக்கவில்லை. பலர் முன்னிலையில் மறுத்தால் என் முகம் என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறார்கள். ஜப்பானில் நெமாவாஷி என்று ஒரு சொல் உண்டு. மரத்தை இடம் மாற்றி நடுவதற்கு முன்பு வேரைச் சுற்றி மண்ணைப் பக்குவப்படுத்துவது. கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசி வைப்பதற்கு அதைச் சொல்வார்கள். அதன் பிறகு நானும் அப்படித்தான். கூட்டம் பாதி நேரத்தில் முடிகிறது. அந்தத் தாள் என் கையில் அன்று இருந்திருந்தால் மூன்று வாரம் மிஞ்சியிருக்கும்.

கணக்கன்:
என் குழுவுல எல்லாரும் ஒரே நாடு, ஒரே மொழி. நான் கேட்டாலும் கூட்டத்துல எவனும் வாய் திறக்கறதில்லை. அதுக்கு எந்தத் தாளைப் பாக்கறது? மேலதிகாரியை எதிர்த்துப் பேசி வேலையைக் கெடுத்துக்க எந்த ஊர்லயும் ஆளுக்கு விருப்பம் கிடையாது. தனியாப் பேசுங்க, முன்கூட்டியே எழுதி அனுப்புங்க. இது எல்லா ஊருக்கும் பொருந்தும் மருந்து, ஜப்பான்னு பேர் ஒட்ட வேண்டாம்.

மேகலை:
எல்லா ஊருக்கும் பொருந்தாது. அதே குழுவில் ஆம்ஸ்டர்டாமில் இருந்தவரிடமும் முன்கூட்டித் தனியாகப் பேசினேன். "கூட்டத்தில் சொல்ல வேண்டியதை ஏன் என்னிடம் ரகசியமாகச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டார்.

கணக்கன்:
😄 சரி, அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. ஆனா அவர் ஒருத்தர் குணமா, நெதர்லாந்தோட குணமான்னு உங்களுக்கும் தெரியாது.

பாய்மரம்:
எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்குத் தாளைக் கிழிக்கவில்லை, மேசை இழுப்பறையில் போட்டிருக்கிறேன். முதல் இரண்டு வாரம் யாரிடமும் எதையும் முடிவு செய்யச் சொல்லாமல், எப்படிப் பேச விரும்புகிறீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்கப் போகிறேன். ஒரு விஷயம்: நேற்று இரவு அந்தத் தாளில் நம் நாட்டு வரியைப் பார்த்தேன். மேலதிகாரி சொன்னால் கீழே இருப்பவர் கேள்வி கேட்க மாட்டார் என்று போட்டிருக்கிறது. எனக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. என் குழுவில் யார் வேண்டுமானாலும் என்னைக் கேள்வி கேட்கலாம்.

மேகலை:
உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர்களிடம் கேட்டீர்களா?

பாய்மரம்:
காலையில் கேட்டேன். "நீங்க சொன்னா சரிதான் சார்" என்றார்கள்.